இருநூறு பாட்டும் ஒரு கையெழுத்தும்

கேள்வி: இருநூறு பாடல்கள் எழுதி வைத்திருக்கிறேன். வெகுஜன இசை பற்றி ஆய்வும் செய்கிறேன். போட்டி, கருத்தரங்கு என்று எந்த அறிவிப்பு வந்தாலும் கடைசித் தேதி தவறாமல் அனுப்புகிறேன். ஒன்றும் தேறவில்லை. வாய்ப்பு எங்கேதான் இருக்கிறது?

பதில்: கடைசித் தேதியைப் பார்த்த கண் விதிமுறையையும் பார்த்ததா? 'அனுப்பும் பாடல்கள் அமைப்பாளருக்கே சொந்தம்' என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது போட்டியல்ல, இலவசக் கொள்முதல். இன்ன காலத்துக்கு, இன்ன ஊடகத்தில் ஒலிபரப்ப அனுமதி கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். 'உங்கள் கவிதைக்கு மெட்டுப் போட்டுத் தருகிறோம், பணம் கட்டுங்கள்' என்பவர்களுக்குப் பாட்டு தேவையில்லை, நீங்கள்தான் தேவை.

படத்துக்கோ விளம்பரத்துக்கோ ஒரு பாட்டை எடுப்பவருக்கு இரண்டு அனுமதி வேண்டும். வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. நண்பர் இசை கோத்தார், இன்னொருவர் பாடினார், யாரிடமும் காகிதம் இல்லை என்றால் எடுக்க வந்தவர் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். ஆகவே பாட்டில் யாருக்கு எவ்வளவு உரிமை என்று சொல்லும் பங்கீட்டுத் தாள் ஒன்று போடுங்கள்: பெயர், செய்த வேலை, சதவீதம், தேதி, கையெழுத்து. கூட்டினால் 100 வரவேண்டும். பதிவு முடிந்த அன்றே வாங்கிவிடுங்கள். பாட்டு ஓடிய பிறகு, பல்லவி தன்னுடையது என்று எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும்!

இருநூறையும் அனுப்பாதீர்கள். மூன்று போதும், அதிலும் பல்லவி சீக்கிரம் வருகிற மூன்று.

ஆய்வுக்கு வருவோம். வெகுஜன இசை ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 1981 முதல் இயங்குகிறது, இரண்டு ஆண்டுக்கொருமுறை மாநாடு நடத்துகிறது. இத்தகைய இடங்களில் முதலில் கேட்பது ஆய்வுச் சுருக்கத்தைத்தான். அதில் கேள்வி, எடுத்துக்கொண்ட பாடல்கள், அணுகுமுறை, கண்டது எல்லாம் இருக்கவேண்டும். பாதிப் பேர் 'இவர் மகத்தான கவிஞர்' என்று பாராட்டிலேயே இடத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். மீதிப் பேர் வரியைக் கவிதையாக மட்டும் படித்து, அது அந்தத் தாளத்தில் எப்படி உட்கார்ந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். பாடல் வரிகளை மேற்கோள் காட்டும்போதும் கவனம் தேவை. பாட்டே சிறியது என்பதால் நாலு வரி எடுத்தாலும் கணிசமான பங்கு ஆகிவிடும், இதழ்கள் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் கேட்கும்.

எழுதுபவரே ஆராய்பவராகவும் இருப்பது பலம். தன் படைப்பு வேலையையே ஆய்வுப் பொருளாக்கும் முறைக்கு இன்று பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு. ஆனால் அதற்குச் சான்று வேண்டும்: மெட்டுக்கு முதலில் போட்ட தத்தகாரம் (சொல் வருமுன் 'தன்னன்னா' என்று போடும் வெற்றொலி), கைப்பேசியில் முனகியது, அடித்துத் திருத்திய சரணம். பழைய கோப்பின் மேலேயே திருத்திச் சேமித்தால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியிட்டுத் தனிக் கோப்பாக வையுங்கள். 1886-இன் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் பதிப்புரிமை பதிவு செய்யாமலே கிடைக்கும் என்றாலும், நாளை வழக்கென்று வந்தால் நீங்கள் நீட்டப் போவதும் இதே கோப்புகளைத்தான். உங்கள் இருநூறில் எத்தனைக்கு முதல் பிரதி கையில் இருக்கிறது?