நஷ்டமே வராத மேஸ்திரி வேலை

கேள்வி: காசா, உக்ரைன் என்று எங்கே குண்டு விழுந்தாலும், ‘அடுத்து கம்பெனிகள் கொள்ளையடிக்க வரும்’ என்று எழுதிவிடுகிறீர்கள். இடிந்ததை யாராவது கட்டித்தானே ஆக வேண்டும்? லாபம் இல்லாமல் யார் வருவார்கள்?
– வாசகர், கரூர்

பதில்: கட்டட்டும், லாபமும் பார்க்கட்டும். அந்த லாபம் எந்த வழியில் வருகிறது என்பதுதான் என் கேள்வி.

வீடு கட்ட மேஸ்திரியைக் கூப்பிடுகிறீர்கள். “ஆகிற செலவை அப்படியே கொடுத்துடுங்க சார். அதுக்கு மேல நூத்துக்கு இவ்வளவுன்னு என் கூலி” என்கிறார். மணலை விலை பேசிக் குறைத்து வாங்க அவருக்கு என்ன தலையெழுத்து? செலவு ஏறினால் கூலியும் ஏறும். நீங்கள் சம்மதிப்பீர்களா? இராக் மீது படையெடுத்த 2003 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் சம்மதித்தது. இராக்கின் எண்ணெய் வயல்களைச் சீர்செய்யும் வேலை, போட்டி டெண்டரே இல்லாமல், ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்க எண்ணெய்த் துறை நிறுவனத்தின் துணை நிறுவனமான கே.பி.ஆருக்குப் போனது. செலவு முழுவதும் கிடைக்கும். அதற்கு மேல் 2 சதவீதம் உறுதி. வேலை திருப்தியாக இருந்தால் இன்னும் 5 சதவீதம் வரை. அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் சேனி 2000 வரை ஹாலிபர்ட்டனின் தலைவராக இருந்தவர் என்பதை ஊரே பேசி முடித்துவிட்டது. எனக்கென்னவோ அவரைவிட இந்த ஷரத்துதான் பெரிய வில்லனாகத் தெரிகிறது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். இதே ஒப்பந்தத்தில் வெளியிலிருந்து இராக்குக்கு பெட்ரோல் கொண்டுவரும் வேலையும் இருந்தது. துருக்கியிலிருந்து வந்த பெட்ரோல் கேலன் 1.18 டாலர். கே.பி.ஆர். குவைத்திலிருந்து கொண்டுவந்ததாகப் போட்ட பில்லில் அதே கேலன் 2.27 டாலர். அதுவும் எண்ணெய்க் கடலில் மிதக்கும் நாட்டுக்கு! ஒப்பந்தத்தின் மொத்த பில் சுமார் 241 கோடி டாலர். அதில் 26.3 கோடி டாலர் சந்தேகத்துக்குரியது என்று பென்டகனின் சொந்தத் தணிக்கையாளர்களே எழுதினார்கள். 2006இல் ராணுவம் பிடித்துக்கொண்டது எவ்வளவு தெரியுமா? சுமார் 1 கோடி டாலர். கொடுத்த பணத்தில் பெரும்பகுதி இராக்கின் எண்ணெய் விற்ற காசு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதாவது, வீட்டுக்காரர் பணம், பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து.

சரி, கட்டியதாவது உருப்படியா? பார்சன்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் பாக்தாத்தில் சுமார் 7.5 கோடி டாலரில் போலீஸ் பயிற்சிக் கல்லூரி கட்டியது. 2006இல் ஆய்வுக்குப் போனவர்கள் பார்த்தது: மாடிக் கழிப்பறைக் குழாய்கள் ஒழுகி, கீழே தங்கியிருந்த பயிற்சிக் காவலர்களின் தலையில் மலஜலம் சொட்டிக்கொண்டிருந்தது. இதே நிறுவனம் 150 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒப்புக்கொண்டிருந்தது. 18.6 கோடி டாலர் செலவான நிலையில் முடிந்திருந்தவை ஆறு. வன்முறையால் வேலை தடைப்பட்டது என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் குழாய் இணைப்பை ஒழுங்காகப் போடாததற்கு எந்தத் தீவிரவாதியைக் கைகாட்டுவது?

இதையெல்லாம் உள்ளேயிருந்து யாருமே தட்டிக் கேட்கவில்லையா என்றால், ஒரு அம்மா கேட்டார். ராணுவப் பொறியாளர் படையின் ஒப்பந்தப் பிரிவுத் தலைவி பன்னி கிரீன்ஹவுஸ். கே.பி.ஆருக்குக் கொடுத்த டெண்டர் இல்லாத வேலையை ஓராண்டுக்கு மேல் நீட்டாதீர்கள் என்று, ஒப்பந்தத்தில் தன் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே பேனாவால் எழுதி வைத்தார். 2005இல் அவரைப் பதவியிறக்கினார்கள். வழக்குப் போட்டு, 2011இல் 9,70,000 டாலர் இழப்பீடு வாங்கினார். அதைக் கொடுத்ததும் ஹாலிபர்ட்டன் இல்லை, அமெரிக்க அரசுதான்.