வீட்டுப் பத்திரம் இறந்த கணவர் பெயரில் இருக்கிறது, மாமியாருக்கும் பங்கு உண்டா?

கேள்வி: டெக்சாஸில் பிரிஸ்கோ நகரில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் என் கணவர் திடீரென்று இறந்துவிட்டார். திருமணமாகி ஆறு வருடம் கழித்து, 2016ல் வீடு வாங்கினோம். அப்போது நான் எச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குத் தருவது) இருந்ததால் லோனும் பத்திரமும் அவர் பெயரில் மட்டும்தான். உயில் எழுதியதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் இருவர், 15 வயது, 10 வயது. ஒரிஜினல் பத்திரத்தைக் காணோம். காலின் கவுண்டி (மாவட்டம்) இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினேன், எதுவும் வரவில்லை. பத்திர நகல் எடுத்துத் தருகிறோம், 100 டாலருக்கு மேல் கட்டுங்கள் என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. மாமியாருக்கும் வீட்டில் பங்கு உண்டு என்று ஊரில் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர், க்விட்க்ளெய்ம் டீட் (உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) படிவத்தை டவுன்லோட் செய்து நீங்களே பதிந்துவிடுங்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கடிதத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள். அரசுக் கடிதம் மாதிரி தோற்றத்தில், கெடு தேதியெல்லாம் போட்டு வரும், ஆனால் அனுப்புவது தனியார் ஆட்கள். டெக்சாஸில் பத்திரங்களைப் பதிந்து வைக்கும் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் நகலுக்குப் பக்கத்துக்கு 1 டாலர், சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் அதோடு 5 டாலர். உங்கள் டீட் இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். துக்கத்தில் இருக்கும் வீடுகளுக்கு இப்படிக் கடிதம் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது.

ஒரிஜினல் காணோம் என்று பதறவும் வேண்டாம். நம் ஊரில் தாய்ப் பத்திரம் தொலைந்தால் போலீஸில் புகார், பேப்பரில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ் என்று அலையவேண்டும், பீரோவில் பூட்டி வைத்த அந்தக் காகிதம்தான் சொத்து என்றே வளர்ந்தோம். இங்கே கவுண்டி கிளார்க் பதிந்து வைத்திருக்கும் ரெக்கார்டுதான் முக்கியம். பதிந்தபிறகு ஒரிஜினலை ஸ்கேன் செய்துவிட்டு, டீட்டில் எழுதியிருக்கும் திருப்பி அனுப்பும் முகவரிக்குச் சாதாரணத் தபாலில் போட்டுவிடுவார்கள். வீடு வாங்கிச் சில வாரம் கழித்து வரும் அந்த உறையை விளம்பரக் கடிதம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். சான்றிட்ட நகல் வாங்கினால் போதும்.

சரி, தேடியபோது ஏன் வரவில்லை? இரண்டு காரணம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, பிரிஸ்கோ ஒரே நகரம் என்றாலும் கிழக்குப் பக்கம் காலின் கவுண்டியிலும் மேற்குப் பக்கம் டென்டன் கவுண்டியிலும் இருக்கிறது, அஞ்சல் முகவரியைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உங்கள் சொத்து வரி பில்லை எடுத்து எந்த கவுண்டி என்று பாருங்கள். டென்டன் என்றால் மெக்கின்னியில் உள்ள காலின் கவுண்டி கிளார்க்கிடம் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது, டென்டன் நகரில் உள்ள கிளார்க் அலுவலகத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது நம்ம பெயர்ச் சிக்கல். கிளார்க் அட்டவணை, கொடுத்தவர் வாங்கியவர் என்று பெயர் வரிசையில் இருக்கும், அதிலும் சர்நேம் முதலில். நமக்கு ஏது சர்நேம்? உதாரணத்துக்கு அவர் பெயர் செந்தில், அப்பா பெயர் முத்துசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் எதை எந்தக் கட்டத்தில் போட்டார்களோ அதைப் பொறுத்து முத்துசாமி செந்தில் என்றும் இருக்கலாம், செந்தில் முத்துசாமி என்றும் இருக்கலாம், ஒரே கட்டத்தில் முழுப்பெயரும் ஒட்டியிருந்தால் முன்னால் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று கூடச் சேர்ந்திருக்கும். எல்லா விதத்திலும் தேடுங்கள். இதைவிடச் சுலபமான வழி, வரிக்காக வீட்டுக்கு மதிப்புப் போடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் வீட்டு முகவரியைப் போடுவது. அதில் டீட் தேதியும் பதிவு எண்ணும் இருக்கும், அந்த எண்ணை வைத்து கிளார்க் தளத்தில் நேராக எடுத்துவிடலாம். ஆனால் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதை உரிமைக்கு ஆதாரமாக நினைத்துவிடாதீர்கள், அது நம் ஊர் வீட்டு வரி ரசீது மாதிரி, வரி போடுவதற்கான கணக்கு, அவ்வளவுதான்.

இப்போது மாமியார் விஷயம். ஊரில் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ன்படி உயில் இல்லாமல் இறந்த ஆணின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. ஊரில் அவர் பெயரில் மனையோ வீடோ இருந்தால் நீங்கள், இரண்டு பிள்ளைகள், மாமியார் என நாலு பேருக்கும் கால் கால் பங்கு உண்டு, மாமியார் பங்கை அவருக்கு மனதாரக் கொடுங்கள். ஆனால் நிலம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துச் சட்டம்தான் அந்த நிலத்துக்கு. பிரிஸ்கோ வீட்டுக்கு டெக்சாஸ் சட்டம்.

டெக்சாஸில் திருமணத்துக்குப் பிறகு சம்பளத்தில் வாங்கிய வீடு, பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான சொத்து. அதாவது 2016லேயே பாதி வீடு உங்களுடையது. மீதிப் பாதி, அவருடைய பிள்ளைகள் எல்லோருமே உங்களுக்கும் பிள்ளைகள் என்பதால், உயில் இல்லாத நிலையில் உங்களுக்கே வருகிறது. மாமியாருக்கு இதில் பங்கு இல்லை. உங்கள் கணவருக்கு வேறு உறவில் குழந்தை இருந்திருந்தால் கணக்கு மாறும், அவருடைய பாதி பிள்ளைகளுக்குப் போயிருக்கும். இன்னொரு விஷயத்தையும் உண்மையாகச் சொல்லுங்கள்: டவுன் பேமென்ட்டுக்கு ஊரில் அவருடைய பூர்வீக நிலத்தை விற்ற பணமோ அவர் அப்பா கொடுத்த பணமோ வந்ததா? வந்திருந்தால் அந்த அளவுக்கு அவருடைய தனிச்சொத்து என்ற கேள்வி எழும், அப்போதும் பங்கு போவது பிள்ளைகளுக்குத்தான், ஆனால் அவர்கள் மைனர் என்பதால் வீட்டை விற்கும்போது நீதிமன்றம் வரை போகவேண்டி வரலாம். வழக்கறிஞரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

நண்பர் சொன்ன க்விட்க்ளெய்ம் வேண்டவே வேண்டாம். இறந்தவர் கையெழுத்துப் போட முடியாது, நீங்கள் உங்களுக்கே எழுதிக்கொள்வதில் அர்த்தம் இல்லை. டெக்சாஸில் க்விட்க்ளெய்ம் என்றாலே, வீடு விற்கும்போது உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனிகள் தயங்கும், என்னிடம் ஏதாவது உரிமை இருந்தால் அது உனக்கு என்று மட்டும்தான் அந்தப் பத்திரம் சொல்கிறது. கவுண்டரில் வாங்கிக்கொள்வார்களே என்று கேட்கலாம். வாங்கிக்கொள்வார்கள். நோட்டரி முத்திரை இருக்கிறதா, முகவரி இருக்கிறதா, கட்டணம் கட்டியாச்சா என்று பார்ப்பார்களே தவிர, அந்தப் பத்திரம் செல்லுமா என்று பார்ப்பது கிளார்க்கின் வேலை இல்லை. தப்பான பத்திரமும் பதிவாகும், பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது அது வந்து வழியில் நிற்கும்.

உங்களுக்கு வேண்டியது அஃபிடவிட் ஆஃப் ஏர்ஷிப், அதாவது வாரிசு யார் என்ற சத்தியப் பிரமாணப் பத்திரம். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் போல இங்கே எந்த அலுவலகமும் தராது, அவர் குடும்ப விவரத்தை நேரில் அறிந்தவர்கள் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கவேண்டும்: எப்போது திருமணம், வேறு திருமணம் உண்டா, பிள்ளைகள் யார், எப்போது எங்கே இறந்தார், உயில் உண்டா, கடன் உண்டா. டைட்டில் கம்பெனிகள் வழக்கமாக இரண்டு சாட்சிகளைக் கேட்கும், இருவருமே சொத்தில் ஒரு பைசா வரவு இல்லாதவர்களாக இருக்கவேண்டும். நம்மவர்களுக்கு இங்கேதான் கஷ்டம். பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவருக்கு உங்கள் கணவரின் முப்பது வயது வரைக்குமான கதை தெரியாது. அவரோடு கல்லூரியில் படித்து, உங்கள் திருமணத்துக்கும் வந்து, இப்போது டாலஸிலோ ஆஸ்டினிலோ இருக்கும் நண்பர் யாராவது இருப்பார் பாருங்கள், அவர்தான் சரியான சாட்சி. ஊரில் இருப்பவர்தான் தெரிந்தவர் என்றால் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் நோட்டரி சேவையில் கையெழுத்துப் போடலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள், சாட்சிகள் ஊர் மாறுவார்கள், தொடர்பு விட்டுப் போகும்.

அந்த அஃபிடவிட்டில் இரண்டு இடத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். ஒன்று பெயர். டீட்டில் ஒரு மாதிரி, இறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் நம் பத்திர எழுத்தர் 'இன்னார் என்கிற இன்னார்' என்று எழுதுவாரே, அப்படி எல்லாப் பெயரையும் சேர்த்து எழுதவேண்டும். இன்னொன்று சொத்து விவரம். தெரு முகவரி மட்டும் போதாது, பழைய டீட்டில் லாட் இவ்வளவு, பிளாக் இது, இந்த சப்டிவிஷன் என்று இருப்பதை எழுத்துப் பிசகாமல் எடுத்துப் போடவேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை மட்டும் எங்கேயும் முழுதாக எழுதாதீர்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ரெக்கார்ட் இது.

பதிவுக் கட்டணம் முதல் பக்கத்துக்குச் சுமார் 25 டாலர், அடுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் 4 டாலர். டெக்சாஸில் முத்திரைத் தீர்வை இல்லை. பதிந்து ஐந்து வருடம் ஆனால் சட்டமே அதை முதல்நிலைச் சான்றாக ஏற்கிறது, அதற்கு முன்னாலும் பல டைட்டில் கம்பெனிகள் ஒப்புக்கொள்ளும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், உயில் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பல ஐடி கம்பெனிகள் சம்பளத்தில் சின்னத் தொகை பிடித்துக்கொண்டு சட்டச் சேவைத் திட்டம் கொடுக்கும், அதில் அவர் எழுதி வைத்திருக்கலாம். அவர் மெயிலிலும் ஆபீஸ் பெனிஃபிட்ஸ் கணக்கிலும் தேடுங்கள். உயில் கிடைத்தால் வழி வேறு, இறந்து நாலு வருடத்துக்குள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும், உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

லோன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, பயம் இருக்கும் என்பதால் சொல்கிறேன். கணவர் இறந்து மனைவிக்கு வீடு வந்தது என்பதற்காக மொத்தக் கடனையும் உடனே கட்டு என்று பேங்க் கேட்க முடியாது, 1982ல் வந்த மத்திய சட்டம் அதைத் தடுக்கிறது. தவணையை விடாமல் கட்டுங்கள், இறப்புச் சான்றிதழும் பதிந்த அஃபிடவிட்டும் அனுப்பி உங்களை உரிமை வழி வாரிசாக ஏற்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அப்புறம் அதே நகலை அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டுக்கும் அனுப்பி, ஹோம்ஸ்டெட் சலுகை (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) உங்கள் பெயரில் தொடர விண்ணப்பியுங்கள்.

திங்கட்கிழமை வரி பில்லைப் பார்த்து கவுண்டி எது என்று எனக்கு எழுதுங்கள், டீட் நகல் கையில் வந்ததும் பெயர் எப்படி இருக்கிறது என்பதையும்.