வாக்குவாதம் வந்தால் வாயடைத்துப் போகிறேன். மடக்கிப் பேசக் கற்பது எப்படி?

பேச்சில் தோற்றுவிட்டு, இரவு படுத்த பிறகு "இதைச் சொல்லியிருக்கலாமே" என்று குமுறுபவர் நீங்கள் என்று நினைக்கிறேன். நான் நேரெதிர். கல்லூரியில் நான்கு ஆண்டுகள் விவாதப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். மடக்க எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. உடனே செய்ய வேண்டும் என்றேன் நான். "இப்போது வேண்டாம், அப்பா பயப்படுகிறார்" என்று அண்ணன் தொடங்கினான். "பயம் ஒரு மருத்துவக் காரணமா?" என்று கேட்டேன். "இரண்டு மாதம் போகட்டும்" என்றான். "இரண்டு மாதத்தில் வலி குறையுமா? நீ தாங்குவாயா?" என்றேன். அவன் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டான்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அப்பா இன்று ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். அண்ணன் என்னோடு ஏழு மாதம் பேசவில்லை.



பிறகு ஒருநாள் அவனே சொன்னான்: "நீ சொன்னது சரிதான். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? இரண்டு மாதத்தில் என் வேலை ஒப்பந்தம் முடிந்துவிடும், கூடவே இருந்து அப்பாவுக்கு நடைப்பயிற்சி கொடுக்கலாம் என்று சொல்ல வந்தேன். நீ எங்கே விட்டாய்?" மூட்டு மாற்றிய பின் முதல் சில வாரப் பயிற்சி எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். எங்களுக்குள் கருத்து வேறுபாடே பெரிதாக இல்லை. இல்லாத எதிரியை நான் வென்றிருக்கிறேன்.

பழைய இந்தியத் தர்க்க நூலான நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தேடுவது வாதம். வெல்வதற்காக எந்த உத்தியையும் கையாள்வது ஜல்பம். தன் தரப்பு எதையும் நிறுவாமல் பிறர் சொன்னதை உடைப்பது மட்டுமே விதண்டை. நாம் "விதண்டாவாதம்" என்று திட்டுவது இதைத்தான். நான் செய்தது ஜல்பம். நீங்கள் கற்கக் கேட்பதும் அதுவே.

"அப்படியானால் உண்மையை விட்டுக்கொடுத்துவிடுவதா?" என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மிரட்டுகிறவரிடமும் அடிக்கிறவரிடமும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கவும் சொல்லவில்லை. அங்கே விலகுவதுதான் முதல் வேலை.

உங்கள் வாயடைப்பு கோழைத்தனம் என்றும் நான் நினைக்கவில்லை. தம்பதியரின் சண்டைகளை நீண்டகாலம் ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் பேசுவது மனத்தில் ஏறாது என்கிறார். குறைந்தது 20 நிமிடம் விலகியிருக்கச் சொல்கிறார். "பிறகு பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள்.

வந்த பிறகு என்ன செய்வது என்பதை அனடோல் ராப்போபோர்ட் என்ற அறிஞரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எதிர்த்தரப்பின் கருத்தை அவரே "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு முதலில் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகே மறுப்பு. கேட்க எளிது. எனக்கு நாக்கைக் கட்டிப்போட்டது போல் இருந்தது.

சென்ற வாரம் அப்பாவின் பழைய ஸ்கூட்டரை விற்பது பற்றி அண்ணனோடு மறுபடி முட்டிக்கொண்டேன். அவன் சொன்னதை நான் திருப்பிச் சொன்னபோது இரண்டு முறை "அது இல்லை" என்றான். மூன்றாவது முறை "ஆமாம்" என்றான். ஸ்கூட்டர் இன்னும் விற்கப்படவில்லை. நேற்று அவனே தொலைபேசியில் அழைத்தான்.