சல்லடை கிழிந்தது சரி, டிரம் எத்தனை?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். தமிழ்வழியில் படித்து டிப்ளமோ முடித்தவன். வேலை அத்துப்படி. ஆனால் ரிப்போர்ட் அனுப்பினால் மேனேஜர் உடனே போன் போட்டு, "என்னப்பா எழுதியிருக்கே, வாயால சொல்லு" என்கிறார். சொன்னால் புரிந்துகொள்கிறார். எழுத்து மட்டும் ஏன் எனக்கு வரமாட்டேன் என்கிறது? கடைசியாக அனுப்பிய ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

பதில்: ரிப்போர்ட்டையே அனுப்பியது நல்லதாகப் போயிற்று. நீங்கள் எழுதியது இது (பல்ப்பர் என்பது பழத்தைச் சல்லடை வழியாகத் தள்ளிக் கூழாக்கும் மெஷின்):

"நேற்று இரவு ஷிஃப்டில் 2-வது லைன் பல்ப்பரில் சத்தம் வந்ததால் நிறுத்திப் பார்த்ததில் சல்லடை கிழிந்திருந்ததால் மெயின்டனன்ஸுக்குத் தகவல் சொல்லப்பட்டு அவர்கள் வர லேட் ஆனதால் பழம் தேங்கிவிட்டபடியால் லாரிகள் வெளியே நிற்பதால் தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதைப் படித்ததும் மேனேஜர் போனில் என்னென்ன கேட்டார்? நான் ஊகிக்கிறேன். எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம் நின்றது? லாரி எத்தனை? இப்போது லைன் ஓடுகிறதா? என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? ஐந்துக்கும் நீங்கள் டக்கென்று பதில் சொல்லியிருப்பீர்கள். வாயால் சொல்லும்போது அவர் குறுக்கே குறுக்கே கேட்டு உங்களைச் சரியாகச் சொல்ல வைக்கிறார். எழுதும்போது குறுக்கே கேட்க ஆளில்லை. உங்கள் சிக்கல் இவ்வளவுதான்.

அதனால் இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டாம். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு போதும். ரிப்போர்ட் அனுப்பிய பிறகு அவர் போனில் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர் வாய்ச்சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நாளில் அதே ஏழெட்டுக் கேள்விதான் சுற்றிச் சுற்றி வருவது தெரியும். அவற்றுக்கான பதிலைச் சேர்த்து வைத்தால் அதுதான் ரிப்போர்ட்.

மேனேஜரே கேட்க மறந்திருக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. சல்லடை கிழிந்தது என்கிறீர்கள். கிழிந்த துண்டு எங்கே? அது கூழில் போயிருந்தால்? கடைசியாகச் சல்லடையைப் பார்த்தபோது நன்றாக இருந்த நேரத்திலிருந்து லைனை நிறுத்திய நேரம் வரை நிரம்பிய டிரம் அத்தனையும் சந்தேகத்துக்குரியது. கூழ் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான். லாரி நிற்பதை எழுதிய நீங்கள் இதை எழுதவில்லை. நன்னூல் நூலுக்குச் சொல்லும் பத்துக் குற்றத்தில் முதலாவது 'குன்றக் கூறல்'; 'மிகைபடக் கூறல்' அதற்கு அடுத்துதான். நீளமாகவும் எழுதி, குறையாகவும் சொல்ல முடியும் என்பதற்கு உங்கள் ரிப்போர்ட்டே சாட்சி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது இதைப் பாருங்கள். எண்கள் நான் போட்டவை.

"பொருள்: 42 டிரம் நிறுத்தி வைப்பு; 2-வது லைனுக்கு ஸ்பேர் சல்லடை. 18-ம் தேதி அதிகாலை 1.40-க்கு 2-வது லைன் பல்ப்பர் சல்லடை கிழிந்திருந்ததைப் பார்த்து லைனை நிறுத்தினேன். முந்தைய இரவு 10 மணிக்குப் பார்த்தபோது நன்றாக இருந்தது. இடையில் நிரம்பிய 42 டிரம்மைத் தனியாக வைத்துச் சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். கிழிந்த துண்டு முழுதாகக் கிடைக்கவில்லை. மெயின்டனன்ஸுக்கு 1.50-க்குச் சொன்னேன், 4.15-க்கு வந்தார்கள். ஸ்பேர் சல்லடை போட்டு 5 மணிக்கு லைன் ஓடத் தொடங்கியது. ஸ்டோரில் வேறு ஸ்பேர் இல்லை. வெளியே 7 லாரி பெங்களூரா மாம்பழம் நிற்கிறது. நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டு: 42 டிரம்மை என்ன செய்வது? இன்றே புதுச் சல்லடை வாங்கலாமா?"

உங்களுடையதைவிட நீளம்தான். ஆனால் போன் வராது.

என்ன மாற்றினேன் என்றால், முதலில் 'ஆல்' எல்லாவற்றையும் வெட்டினேன். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். வந்ததால், பார்த்ததில், சொல்லப்பட்டு என்று கோத்துக்கொண்டே போனால், படிப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை காத்திருக்க வேண்டும். நடுவில் ஆளும் மாறிப்போகிறது: நிறுத்தியது நீங்கள், வந்தது அவர்கள், தேங்கியது பழம். ஒரு வினை முடிந்ததும் முற்றுப்புள்ளி வையுங்கள்.

அடுத்து 'தகவல் சொல்லப்பட்டு'. யார், யாரிடம், எப்போது? 'பட்டு' போட்டால் ஆள் மறைந்துவிடும். யாரையும் மாட்டிவிட வேண்டாமே என்றுதான் அப்படி எழுதுகிறோம், தெரியும். அதற்கு வேறு வழி இருக்கிறது. 'லேட்' என்பது உங்கள் தீர்ப்பு. மெயின்டனன்ஸ்காரர் சண்டைக்கு வருவார். 1.50, 4.15 என்று இரண்டு நேரத்தை மட்டும் எழுதினால் சண்டைக்கு இடமில்லை, விஷயமும் மறையவில்லை.

'நேற்று இரவு' என்பது நைட் ஷிஃப்ட்காரர்கள் எல்லாரும் விழும் குழி. 1.40 மணிக்குத் தேதி மாறிவிட்டது. ஆறு மாதம் கழித்து ஆடிட்டில் யாராவது புரட்டினால் எந்த இரவு என்று தெரியாது. தேதியும் 'அதிகாலை'யும் போடுங்கள்.

'தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் எழுதும் மனுவின் வாசகம். நம்மில் பலருக்கு ஆபீஸ் எழுத்து என்றாலே அந்த மனுக்கள்தான் நினைவுக்கு வரும், அதனால் கை தானாக அங்கே போகிறது. எது தக்க நடவடிக்கை என்று லைனில் நின்ற உங்களுக்குத்தான் தெரியும். அதைக் கேளுங்கள்.

சந்திப் பிழைக்குப் பயப்பட வேண்டாம். ஒற்று விட்டதற்காக யாரும் லைனை நிறுத்தப் போவதில்லை. 42 என்பது 24 ஆனால்தான் ஆபத்து. அனுப்புமுன் எண்களை மட்டும் ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள்.

ஆங்கில மெயில் எழுத வேண்டி வந்தாலும் முதலில் தமிழில் இப்படிச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். போனில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலிக்கு 'ஆல்' சங்கிலியைக் கொடுத்தால், யார் லேட், எது கிழிந்தது என்று அது குழம்பும். 'ஸ்டோரில் வேறு ஸ்பேர் இல்லை' போன்ற வாக்கியத்தை ஒழுங்காகவே மாற்றித் தரும். அப்போதும் எண்ணையும் தேதியையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.