தோட்டத்தின் மதிப்பைக் காட்டி மாணவர் விசா பெற முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கவுந்தப்பாடிக்கு அருகே ஐந்து ஏக்கர் தோட்டத்தில் கரும்பும் மஞ்சளும் பயிரிட்டு வருகிறேன். என் மகளுக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்துள்ளது. உள்ளூர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 14 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையாக உள்ளது. தோட்டத்தின் மதிப்புச் சான்றிதழே விசாவுக்குப் போதும் என்று உறவினர்கள் கூறுகிறார்கள். கோவையில் உள்ள முகவர் ஒருவரோ, சங்கத்துப் பணம் செல்லாது என்றும், தாமே ஒரு மாதத்துக்கு என் கணக்கில் பணம் போட்டு, பிறகு வட்டியுடன் எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். என்ன செய்யலாம்?
— விவசாயி ஒருவர், கவுந்தப்பாடி

பதில்: முகவர் சொன்ன முதல் செய்தி ஏறக்குறைய சரி, இரண்டாவது யோசனைக்கு மட்டும் இணங்கிவிடாதீர்கள்.

பிரிட்டன் மாணவர் விசாவுக்குக் கேட்பது சொத்தை அன்று, எடுத்துச் செலவழிக்கத்தக்க ரொக்கத்தை. தோட்டம், நகை, சீட்டு, பங்குகள் ஆகிய எதுவும் விற்றோ முதிர்ந்தோ வங்கிக் கணக்கில் பணமாக வந்து சேரும்வரை கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஆகவே கட்டணம் கொடுத்து நிலத்துக்கு மதிப்புச் சான்றிதழ் வாங்குவது, இந்த நாட்டைப் பொறுத்தவரை, வீண் செலவு. 2025 நவம்பர் 11 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதங்களுக்கு 10,539 பவுண்டு வாழ்க்கைச் செலவுக்காகக் காட்ட வேண்டும். முதலாண்டுக் கல்விக் கட்டணத்தில் இன்னும் செலுத்தாத பாக்கியும் இத்துடன் சேரும். பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாழ்க்கைச் செலவே 12.65 லட்சம் ஆகிறது. கட்டணப் பாக்கியையும் கூட்டினால் உங்கள் 14 லட்சம் பற்றாது. மீதிக்குக் கல்விக்கடன் தேவைப்படும். ரூபாயின் மதிப்பு விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதப்படியே கணக்கிடப்படுவதால், சற்றுக் கூடுதலாகவே இருப்பு வைத்திருங்கள்.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்து மறுநாளே சரிசெய்யப்பட்டாலும், எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டுவது, உரம் வாங்குவது, ஆள் கூலி கொடுப்பது எல்லாவற்றையும் அந்த நாட்களில் வேறு கணக்கிலிருந்து செய்யுங்கள். கணக்கு விவரத்தின் கடைசித் தேதிக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையே 31 நாட்களுக்கு மேல் போகக் கூடாது.

பணம் இருக்கும் நிறுவனம் முறையான ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் இயங்குவதாகவும், கணக்குகளை மின்னணு முறையில் பராமரிப்பதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்குள் வருவதில்லை. எனவே வைப்புத்தொகையை முடித்து, காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் வழியாக ஒரு வணிக வங்கியில் உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு மாற்றுங்கள். ரொக்கமாக எடுத்துச் சென்று கட்டாதீர்கள். திடீரென்று வந்த பெருந்தொகையைப் பற்றி அதிகாரி ஐயப்பட்டால் காட்டுவதற்குச் சங்கத்தின் கணக்கு முடிப்புக் கடிதம், தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ், ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீதுகள் ஆகியவற்றை அடுக்கி வைத்திருங்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை போகும் உங்கள் ஊர் விற்பனைக்கூடத்தின் ரசீது, விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லாததால் வரிக்கணக்கு தாக்கல் செய்யாத குடும்பங்களுக்கு மிக நல்ல சான்று என்பது என் கருத்து. பலர் அதைச் சட்டைப் பையிலேயே கசக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

தந்தையின் கணக்கைக் காட்டும்போது மகளின் பிறப்புச் சான்றிதழும், அந்தப் பணத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கும் உங்கள் கடிதமும் தேவை. நம் பக்கத்துப் பழைய பிறப்புச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர்க்கட்டம் வெறுமையாக இருக்கும். இன்றே எடுத்துப் பார்த்து, பெயர் இல்லையென்றால் பதிவாளரிடம் விண்ணப்பித்துவிடுங்கள்.

கல்விக்கடனுக்குத் தோட்டத்தை ஈடாகத் தர நினைத்தால், பல வங்கிகள் தயங்கும். கடன் நிலுவையானால் ஈட்டுச் சொத்தை நீதிமன்றத்துக்குப் போகாமலே கையகப்படுத்த வங்கிகளுக்கு வழி தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதே காரணம். ஊருக்குள் வீடோ அங்கீகாரம் பெற்ற மனையோ இருந்தால் அதன் பத்திரத்துடன் வங்கிக்குச் செல்லுங்கள்.

முகவரின் யோசனைப்படி நடந்தால், உங்களுடையதல்லாத பணத்தை உங்களுடையது என்று கூறி விண்ணப்பித்தவர் ஆவீர்கள். ஏமாற்று என்று முடிவானால் விசா மறுக்கப்படுவதோடு, 10 ஆண்டுகள் வரை மகளின் அடுத்தடுத்த விண்ணப்பங்களும் தள்ளுபடியாக நேரிடும். பிடிபடாமல் போய்ச் சேர்ந்தாலும், கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் மட்டுமே வேலை பார்க்க அனுமதி உள்ள ஊரில், கையில் பணமில்லாமல் அந்தப் பெண் எப்படிக் காலம் தள்ளுவாள்?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் நடத்தும் என் தாய்மாமன், தம் நிறுவனத்தின் நடப்புக் கணக்கைக் காட்டிக்கொள்ளச் சொல்கிறார். பிரிட்டன் விசாவுக்கு ஏற்பார்களா?
— மாணவர் ஒருவர், அவிநாசி

பதில்: ஏற்க மாட்டார்கள். உங்கள் கணக்கு, பெற்றோரின் கணக்கு, சட்டப்படியான காப்பாளரின் கணக்கு, மணமானவர் என்றால், உங்களுடன் விண்ணப்பிக்கும் அல்லது ஏற்கெனவே பிரிட்டன் அனுமதி பெற்ற துணைவரின் கணக்கு ஆகியவையே செல்லும். தாய்மாமன், சித்தப்பா, தாத்தா ஆகியோர் இந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் மாமன் உண்மையிலேயே கொடுக்க விரும்பினால், தம் சொந்தக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு அன்பளிப்பாக அனுப்பி, ஓர் அன்பளிப்புப் பத்திரமும் எழுதித் தரட்டும். பணம் வந்த நாளிலிருந்துதான் 28 நாள் கணக்கு ஓடும்.

கேள்வி: சென்ற ஆண்டு எனக்குக் கனடா விசா மறுக்கப்பட்டது. பிரிட்டன் விண்ணப்பத்தில் அதைச் சொல்லாமல் விடலாமா?
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: கூடாது. பிற நாடுகள் மறுத்த விசாவைப் பற்றிய கேள்வி விண்ணப்பத்திலேயே இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் குடியேற்றத் தகவல்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. முந்தைய மறுப்பு மட்டுமே மறுபடியும் மறுக்கக் காரணமாகிவிடாது, மறைத்தால் அது காரணமாகிவிடும். கனடா அனுப்பிய மறுப்புக் கடிதத்தின் நகலை இணைத்து, அதில் கூறப்பட்ட குறை என்ன, இப்போது அது எப்படித் தீர்ந்தது என்பதை ஒரு பத்தியில் எழுதுங்கள்.