டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஷவர் வால்வில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்பு) வீட்டுக் குளியலறையைப் புதுப்பிக்கிறீர்கள், சுடுநீரையும் குளிர்நீரையும் கலக்கும் வால்வு, அதாவது சுவருக்குள் பதிக்கும் ஷவர் மிக்ஸர், இன்னும் இரண்டு நாளில் டைல்ஸ் வேலை என்கிறீர்கள். அந்த இரண்டு நாளை வீணாக்காதீர்கள்.

முதல் வேலை அழுத்தச் சோதனை. குழாயைத் திறந்து "ஒழுகவில்லை" என்பது சோதனையே அல்ல. கூரைத் தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது வெறும் 0.3 பார் (bar) அழுத்தம். பிற்காலத்தில் அழுத்தம் கூட்டும் பூஸ்டர் பம்ப் வைத்தால்தான் கசிவு தெரியும், அப்போது சுவரை உடைக்க வேண்டும். ஷவர் முனையை அடைத்து, காற்றை வெளியேற்றி, வால்வைப் பாதி திறந்து, அழுத்தமானி உள்ள கைப்பம்பால் 6 பார் ஏற்றக் குழாய் வேலை செய்பவரிடம் சொல்லுங்கள். வால்வுடன் வரும் விளக்கத் தாளில் அதைவிடக் குறைந்த வரம்பு இருந்தால் அதுவே கணக்கு. பிபிஆர் (PPR) பிளாஸ்டிக் குழாய் சற்று விரியும் என்பதால் அழுத்தமானியின் முள் முதலில் இறங்கும், பயப்படாதீர்கள். அரை மணி கழித்து மறுபடி ஏற்றி, 1 மணி நேரம் பாருங்கள். முள் அசையக் கூடாது. பித்தளை மரை இணைப்புகளைக் காய்ந்த டிஷ்யூ தாளால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரியும்.

அடுத்தது ஆழம். பூச்சு 15 மில்லிமீட்டர், பசை 5, டைல் 10 என்றால் மொத்தம் 30. வால்வின் பிளாஸ்டிக் மூடியில் உள்ள இரு கோடுகளுக்கு நடுவே டைலின் முகம் வர வேண்டும். வால்வு அதிகம் உள்ளே போனால் கைப்பிடி எட்டாது.

சுடுநீர் இடப்பக்கம்தானா என்றும் பாருங்கள். கடைசியாக, குழாய்கள் போகும் இடம் தெரியும்படி, அளவு டேப்பைச் சுவரில் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள்.