சிவப்பு மருந்தும் மஞ்சள் பாலும்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டு முறை சிவப்பு மருந்து ஏற்றியாகிவிட்டது. முடியெல்லாம் கொட்டிவிட்டது, வாய் முழுக்கப் புண். 'அந்த மருந்தில் உள்ள ஆந்த்ராகுவினோன் சோற்றுக்கற்றாழையிலும் இருக்கிறது, மடலைத் தோலோடு அரைத்துக் குடித்தாலே போதும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. சித்தி தினமும் கற்றாழை கொண்டுவருகிறார். அம்மாவும் மருந்தை நிறுத்திவிடலாமா என்கிறார். அந்தச் செய்தி உண்மையா?

ரேவதி

அன்புள்ள ரேவதி,

மருந்தை நிறுத்த வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

செய்தியில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. அம்மாவுக்கு ஏறுவது டாக்சோரூபிசினாகவோ அதன் தங்கை எபிரூபிசினாகவோ இருக்கும். இரண்டுக்குள்ளும் ஆந்த்ராகுவினோன் என்ற தட்டையான மூன்று வளைய அமைப்பு உண்டு. கற்றாழை மடலை வெட்டியதும் தோலடியிலிருந்து கசப்பாய் ஒரு மஞ்சள் பால் வழியுமே, அதிலும் நம் நிலாவாரை இலையிலும் அதே குடும்பத்துப் பொருள்கள்தான். வயிறு இளக்குவது அவற்றின் வேலை. திருநெல்வேலி நிலாவாரை கப்பலேறி வெளிநாடு போனது அதற்காகத்தான்.

டாக்சோரூபிசின் வந்த வழி வேறு. 1950களில் இத்தாலியில் காஸ்தெல் தெல் மோன்தே கோட்டையருகே எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர், சிவப்பாக ஒரு பொருளைச் சுரந்தது. அது டானோரூபிசின், ரத்தப் புற்றுநோய்க்குக் கேட்டது. அந்த நுண்ணுயிரை மரபணு மாற்றத்துக்கு உள்ளாக்கியபோது, ஒரே ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாகக் கொண்ட டாக்சோரூபிசின் கிடைத்தது. அது மார்பகக் கட்டிக்கும் கேட்டது. ஓர் அணுதான் வித்தியாசம்! இன்றும் எனக்கு இது ஆச்சரியம்.

அந்தத் தட்டை வளையங்கள் டிஎன்ஏ ஏணியின் படிகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும். கூடவே ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரை, ஏணியின் ஓரப் பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். டிஎன்ஏவை வெட்டிச் சிக்கெடுத்துத் திரும்ப ஒட்டுகிற டோபோஐசோமரேஸ் என்ற நொதி, வெட்டியதோடு நின்றுவிடும். செல் சாகும்.

கற்றாழையின் மஞ்சள் பாலில் உள்ள அலோ-எமோடின் என்ற ஆந்த்ராகுவினோனில் அந்தச் சர்க்கரை இல்லை. ஆய்வகத் தட்டில் அது புற்று செல்களைக் கொல்கிறது, சரி. வாய்வழி போனால் குடலும் கல்லீரலும் அதைச் சீக்கிரமே மாற்றி வெளியே தள்ளிவிடும்; கட்டிவரை போவது சொற்பம். வயிற்றுப்போக்கு மட்டும் வரும். போக்கு அதிகமானால் உடம்பில் பொட்டாசியம் இறங்கும், இதயத்துடிப்பு தடுமாறும். டாக்சோரூபிசினே இதயத்தைத் தாக்கக்கூடிய மருந்து. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பதும், உடல்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு வாழ்நாள் முழுவதற்கும் சுமார் 450 முதல் 550 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருப்பதும் அதனால்தான். அந்த இதயத்துக்குக் கற்றாழைச் சாறு வேறு வேண்டாம். இதுவரை எவ்வளவு குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாய்ப்புண்ணையும் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. சித்தியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், பாசத்தில் செய்கிறார்.

என் அக்காவுக்கும் இதே மருந்து ஏறியது. செவிலியர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊசிக்குழாயை மெதுவாக அழுத்திக்கொண்டே, கண்ணை நரம்பிலிருந்து எடுக்காமல் இருந்தார். மருந்து வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். அன்று மாலை அக்காவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தம் என்று நினைத்து இரவெல்லாம் அழுதாள். அது மருந்தின் நிறம், ஓரிரு நாளில் தெளிந்துவிடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.